சாமியறையில் தூங்கிய லப்டொப்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது நான்கு, பெறாமல் வளர்த்தது ஒன்று, ஆக ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் இன்றைக்குத் தங்கள் தங்கள் காலில் நிற்கிறார்கள். எவரிடமும் போய்க் கைகட்டி நிற்கும்படி நான் யாரையும் வளர்க்கவில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாத கிழவி மருமகளைப் பற்றி எழுதுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது பாருங்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டெழுதுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அவள் பொறுப்பு. ஆனால் ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் அவள் கை வைத்தால் எனக்குத் தெரியும்.

மருமகள் என் கடைசி மகனின் மனைவி. மகன் கட்டாரில் இருக்கிறான். இணுவிலில் இந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர்: மருமகள், பேத்தி, நேசறி என்கிற பாலர் பள்ளிக்குப் போகும் பேரன் சின்னவன், நான். மருமகள் கொழும்பில் உள்ள ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கப்பலில் ஏற்றிய சாமான் எந்தக் கடலில் நிற்கிறது, எப்போது துறைமுகத்துக்கு வரும் என்று படம் போட்டுக் காட்டும் மென்பொருளாம். எங்கள் முன்னறை மேசையில் வாழைத்தோட்டத்தைப் பார்த்தபடி இருந்துகொண்டு அவள் உலகத்துக் கப்பல்களைப் பார்க்கிறாள். அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் பெரிய புழுகம்தான், மனம் பூரிக்கும்.

அவளுடைய லப்டொப்பை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். என் பிள்ளைகள் எல்லோரும் வைத்திருப்பது விண்டோஸ். ஒருநாள் கேட்டேன், நீ மட்டும் ஏன் பிள்ளை வேறொன்று வைத்திருக்கிறாய் என்று.

"மாமி, இதை உள்ளுக்குத் திறந்து பாக்கலாம். பிழைச்சால் ஏன் பிழைச்சது எண்டு நானே தேடலாம். மற்றதெண்டால் ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

ஆரையும் பார்த்துக்கொண்டு இருக்காத பெண். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் சொல்லவில்லை.

அவள் வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் அவளோடு வேலை செய்கிறவர்கள் காலையில் கதிரையில் இருந்தால் பின்னேரம்தான் எழும்புவார்கள். இவளுக்கு அப்படி முடியாது. கேற்றில் யாரோ கூப்பிடுவார்கள்; லப்டொப் மூடியைச் சாத்திவிட்டுப் போவாள். குசினியில் சோறு பொங்கும், சாத்துவாள். சின்னவனை நேசறியிலிருந்து கூட்டிவர மருதனார்மடத்துக்கு ஸ்கூட்டியில் போக வேண்டும், சாத்துவாள். மூடியைச் சாத்தினால் அது தூங்குமாம். திறந்தால் விட்ட இடத்திலேயே விழிக்குமாம். வந்து திறந்தால் பாதியில் நின்ற வரி பாதியிலேயே நிற்கும், அவள் மிச்சத்தை எழுதுவாள். ஒரு நாள் வேலையைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்து, பின்னேரம் பார்த்தால் முழு வேலையும் முடிந்திருக்கும். இந்தத் தூக்கமும் விழிப்பும் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வேலையே இல்லை. இதை மனதில் வைத்திருங்கள்.

போன நவராத்திரிக்கு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் தொழில் செய்யும் சாமான் எல்லாம் கும்பத்துக்கு முன்னால் போகும். பிள்ளைகளின் புத்தகம், தையல் மெஷின், மண்வெட்டி, கத்தி. விஜயதசமிக் காலையில் எடுக்கும்வரை அவற்றை ஒருவரும் தொடக்கூடாது. வைக்க முன்னர் துப்பரவாக்க வேண்டும். நான் மண்வெட்டியை மண் போகக் கழுவினேன், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "நானும் என்ரை ஆயுதத்தைத் துப்பரவாக்க வேணும் மாமி" என்றாள். அழுக்குத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் செய்தது வேறு. மாதக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி வைத்திருந்த அப்டேற் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றினாள். லினக்ஸின் அடிப்பாகமே புதிதாக மாறியதாம். அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், நன்றாக வேலை செய்தது. பிறகு மூடியைச் சாத்தி என் கையில் தந்தாள்.

மற்றது என் வேலை. மண்வெட்டிக்கு அலகிலும் பிடியிலும் சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். லப்டொப்புக்கும் மூடியில் ஒன்று வைத்தேன். ஒன்றோடு விட மனம் வரவில்லை. பின்பக்க விளிம்பில் வரிசையாக வைத்து, மேலே குங்குமமும் வைத்துப் பட்டுத் துணி விரித்த பலகையில் வைத்தேன். பார்க்க நல்ல வடிவாக இருந்தது.

விஜயதசமி அன்று காலையில் மருதனார்மடத்தில் இருக்கும் என் மூத்த மகளும் வந்திருந்தாள். சின்னவனுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதவைத்தோம். மருமகள் லப்டொப்பைத் திறந்து நல்ல நேரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அதை அப்படியே மேசையில் வைத்தாள். நாங்கள் அவலும் கடலையும் சாப்பிட இருந்தோம். சாப்பிட்டு முடியவில்லை, உள்ளே இருக்கும் சின்ன ஃபான் கூவத் தொடங்கியது. நான் போய்த் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. தோசைக்கல் மாதிரி. பார்த்துக்கொண்டு நிற்கவே திரை கறுத்து, தானாக அணைந்துபோயிற்று.

மகள் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அம்மா! காத்துப் போற ஓட்டை எல்லாம் சந்தனம். ஆர் இதுக்குப் பொட்டு வைச்சது?"

"நான்தான். ஏன், சரஸ்வதிக்கு முன்னாலை வெறும் நெத்தியோடை வைக்கிறதோ?"

"நெத்தியிலை வைச்சால் பரவாயில்லையே. நீங்கள் மூக்கை எல்லோ அடைச்சு வைச்சிருக்கிறியள்!"

"மச்சாள், பொறுங்கோ" என்றாள் மருமகள். "சந்தனம்தான் எண்டு இன்னும் தெரியாது."

"வேறை என்ன தெரியவேணும்? கண்ணாலை தெரியுதே."

மருமகள் உள்ளே போனாள். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து வந்து, சின்னத் திருகாணிகளைக் கழற்றி, அடி மூடியை எடுத்து, ஒவ்வொரு வெடிப்பிலும் இருந்த சந்தனத்தைத் தட்டி எடுத்தாள். திரும்பப் பூட்டி மெஷினைப் போட்டாள். குளிர்ந்துதான் இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மத்தியானம் சோறு வடிக்க மூடியைச் சாத்திவிட்டுப் போனாள், வந்து திறந்தாள், மறுபடியும் கொதித்தது.

இதற்குள் மகள் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அடுத்த நாள் கந்தசுவாமி கோயில் வீதியில் ஒருத்தி என்னை மறித்து, "என்ன அக்கா, லப்டொப்புக்கு அபிசேகமும் செய்தியளாமே?" என்று கேட்டாள். "ஓம், அடுத்த முறை தேர் இழுக்கப்போறம், வடம் பிடிக்க வா" என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் வீடு வரும்வரை நெஞ்சு எரிந்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே பெரிய சிக்கல் வந்தது. கொழும்பு ஆட்களோடு அவள் மீற்றிங்கில் கதைத்துக்கொண்டிருக்கப் பாதியில் மெஷின் கறுத்துவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. அவளுக்கு மேலே இருக்கும் பொறுப்பாளர் தொலைபேசியில் இங்கிலிசில் ஏதோ சொன்னார். அவள் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். முகம் வாடிப்போயிற்று.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"இன்னொருக்கா இப்பிடி நிண்டால் வீட்டிலையிருந்து செய்யிறது சரிவராதாம் மாமி. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வரட்டாம்."

நான் குசினிக்குப் போய்விட்டேன். வேறெங்கே போவது. கொழும்புக்குப் போனால் பேத்தியின் பள்ளிக்கூடம் போகும், சின்னவன் போவான், இந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பேன். வா என்று அவள் என்னையும் கூப்பிடுவாள். அங்கே ஒரு பெட்டி வீட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. முடியாது என்று நான் சொல்ல மாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளோடு வேலை செய்கிறவர்களிடமும் கேட்டாள். கொம்பனி எல்லோருக்கும் கொடுத்தது அதே வகை லப்டொப், லினக்ஸும் அதேதான், அப்டேற்றும் போட்டிருக்கிறார்கள். ஒருவருடையதும் சுடவில்லையாம். உங்கள் வீட்டுத் தூசியாக இருக்கும் என்றார்களாம். கட்டாரிலிருந்து மகன் போன் எடுத்தான்.

"அம்மா, உந்த லினக்ஸைத் தூக்கி எறிஞ்சுபோட்டு விண்டோஸைப் போடச் சொல்லுங்கோ."

"நீயே சொல்லன்."

"நான் சொன்னால் கேப்பாளோ?"

"கேக்கமாட்டாள்."

"அப்ப மூடியைச் சாத்தாமல் வைச்சு வேலை செய்யச் சொல்லுங்கோ. இல்லாட்டில் ஒவ்வொருக்காவும் அணைச்சுப் போடட்டும்."

மருமகள் பக்கத்திலிருந்து, "சாத்தாமல் விட்டிட்டுப் போக, சின்னவன் ஏறி இருந்து கப்பல் ஓட்டுவான். அணைச்சால் திரும்ப எல்லாத்தையும் ஒண்டொண்டாத் திறக்கவேணும். மீற்றிங்குக்கு இப்ப வா எண்டால் நான் எப்பிடிப் போறது?" என்றாள். பிறகு மெதுவாக, "அவையளின்ரை மெஷின் சுடாததுக்குக் காரணம் இருக்கு. அவை பகலிலை மூடியைச் சாத்திறேல்லை, பின்னேரம் முழுதா அணைச்சுப்போட்டுப் போயிடுவினம். தூங்காத மெஷின் எப்பிடி எழும்பேக்கை சுடும்?" என்றாள். இதைத் தனக்குத்தானே சொன்ன மாதிரிச் சொன்னாள். ஆனால் அந்த இடத்தில்தான் அவள் நூலைப் பிடித்தாள் என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டாள்.

"மாமி, பிழை எங்கடை பூசையிலைதான் நடந்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரே நாளிலை ரெண்டு விசயம் மாறிப்போச்சு. நீங்கள் பொட்டு வைச்சியள். நான் அப்டேற் போட்டன். போட்டிட்டு ஒருக்காத் தூங்க வைச்சு எழுப்பிப் பாக்காமல் சாமியறைக்கு அனுப்பிப்போட்டன். அதுதான் எது எண்டு பிடிபடேல்லை. ரெண்டிலை ஒண்டை முந்தி இருந்த மாதிரி ஆக்கிப் பாப்பம்."

லினக்ஸில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. புதியது வந்தாலும் பழையதை வீட்டைவிட்டுத் துரத்தாது. மெஷினைப் போடும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், எந்த அடிப்பாகத்தோடு எழும்ப வேண்டும் என்று கேட்கிறது. அவள் பழையதைத் தொட்டாள். அது எழும்பியது. மூடியைச் சாத்தினாள். தேத்தண்ணி குடித்தோம். திறந்தாள். கப்பல் படத்தை ஓடவிட்டு, "கையை வையுங்கோ மாமி" என்றாள். வைத்தேன். கொதிப்பு இல்லை. மறுபடி சாத்தி மறுபடி திறந்தாள். இல்லை. திரையில் சூட்டைக் காட்டும் எண் இருந்தது. அதை அவள் பார்த்தாள். எனக்கு என் கை.

நான் எழும்பப் போனேன். அப்போதுதான் அவள் கேட்டாள்:

"மாமி, சந்தனம் இருக்கோ?"

"ஏன்?"

"அண்டைக்கு வைச்ச அதே இடத்திலை, அதே மாதிரி வையுங்கோ."

"என்னடி பிள்ளை, பகிடி விடுறியோ?"

"இல்லை மாமி. வைச்சுப் பாத்தால்தான் சந்தனம் இல்லை எண்டு சொல்லலாம். சும்மா வாயாலை சொன்னால் மச்சாள் நம்பமாட்டா. நானும் நம்பக்கூடாது."

நான் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தேன். விளிம்பில் வரிசையாக வைத்துக் காயவிட்டோம். பழைய லினக்ஸோடு எழுப்பினாள், தூங்கவைத்தாள், திறந்தாள். கொஞ்சம் சூடு கூடியது, ஃபான் கொஞ்சம் உரத்து ஊதியது. கொதிக்கவில்லை. கறுக்கவில்லை. பின்னேரம் முழுதும் அணையாமல் ஓடியது. பிறகு சந்தனத்தைத் துப்பரவாக எடுத்துவிட்டுப் புதிய லினக்ஸோடு எழுப்பித் தூங்கவைத்துத் திறந்தாள். கூவிக்கொண்டு கொதித்தது.

அவள் போனை எடுத்து என் மகளை அழைத்து எனக்கு முன்னாலேயே சொன்னாள்: "மச்சாள், மாமியின்ரை சந்தனம் இல்லை. என்ரை அப்டேற்தான். வடிவாப் பாத்திட்டுத்தான் சொல்லுறன்."

அந்தப் பக்கத்திலிருந்து மகள், "அப்ப இனி விபூதியையும் பூசச் சொல்லுங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்த முறை வந்தபோது எனக்குப் பிடித்த பனங்காய்ப் பணியாரம் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். அவளிடமிருந்து அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம், என் மகள்தானே.

மருமகள் என்னை நல்லவள் ஆக்குவதற்காக அதைச் செய்யவில்லை. உண்மை எது என்று பார்க்கச் செய்தாள். சந்தனம்தான் என்று வந்திருந்தால் அதையும் அதே குரலில் என்னிடம் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவள் சொல்லுக்கு என்னிடம் இவ்வளவு மதிப்பு.

பழைய லினக்ஸோடேயே இருந்துவிடலாமே என்று கேட்டேன். கொம்பனி விடாதாம், பழையதில் கள்ளர் புகும் வழிகள் இருக்குமாம். ஆகவே புதியது எதை மறந்துபோயிற்று என்று தேடினாள். மெஷினுக்கு உள்ளே யார் இவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் செய்யவில்லை. எல்லோரும் சும்மா இருக்கிறார்கள், அடுப்பு மட்டும் எரிகிறது. இரண்டு நாள் அதிலேயே மினக்கெட்டாள். வெளிநாட்டில் யார் யாரோ இதே மாதிரி எழுதியிருந்ததை வாசித்தாள். ஒருவர், தூக்கத்தின் வகையை மாற்று, ஆழ்ந்த தூக்கமாக்கு என்று எழுதியிருந்தாராம். மாற்றினாள். மூடியைச் சாத்தித் திறந்தால் மெஷின் எழும்பவேயில்லை. கறுத்த திரை. பொத்தானை அழுத்தினாள், இல்லை. அவள் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்ப எழுப்பி, முதல் வேலையாக அந்த மாற்றத்தை எடுத்துவிட்டாள்.

"ஏன் எடுக்கிறாய்?"

"சரிவராததை எடுத்திட்டுத்தான் அடுத்ததைப் போடவேணும் மாமி. ரெண்டையும் ஒண்டா விட்டால் திரும்பப் பூசைக் கதைதான்."

கடைசியில் கண்டுபிடித்தாள். அவளுடைய மெஷினுக்குள் படம் வரைய இரண்டு மூளை இருக்கிறதாம். சின்னது எப்போதும் வேலை செய்யும். பெரியது கப்பல் படம் மாதிரிப் பெரிய வேலை வந்தால் மட்டும் எழும்பும், மற்ற நேரம் தூங்கும். மூடியைத் திறக்கும்போது புதிய லினக்ஸ் பெரியதையும் எழுப்பிவிட்டு, திரும்பத் தூங்கச் சொல்ல மறந்துவிடுகிறது. அது வேலையும் இல்லாமல், தூக்கமும் இல்லாமல், சும்மா இருந்து கொதிக்கிறது. அவள் சில வரிகள் எழுதி ஓர் இடத்தில் வைத்தாள். மெஷின் தூங்கி விழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரிகள் ஓடி, உனக்கு வேலை இல்லை, படு என்று பெரியதிடம் சொல்லுமாம். அவ்வளவுதான். ஒரு விரற்கடை எழுத்து.

அதோடு விட்டாளா? இந்த மாதிரி மெஷினில் இப்படி ஆனால் இப்படிச் செய்யுங்கள் என்று, தான் வாசித்த அதே இடத்தில் எழுதியும் வைத்தாள். யாரோ நன்றி என்று பதில் போட்டிருந்தார்கள். எந்த நாடோ, எந்த மொழியோ. எங்கள் முன்னறையிலிருந்து போன சொல் அங்கே ஒருவருடைய மெஷினைக் குளிரவைத்தது.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு அவள் தன் வேலையைக் காட்ட வேண்டும் என்று இருந்தது. வியாழன் மத்தியானம் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கப் போன் வந்தது. வாடிக்கையாளர் நாளைக்கு இல்லையாம், இப்போதே பார்க்க வேண்டுமாம், பொறுப்பாளரும் வந்துவிட்டாராம். லப்டொப் காலையிலிருந்து தூங்கித் தூங்கி எழும்பிக்கொண்டிருந்தது; அந்த நேரமும் தூக்கத்தில்தான் இருந்தது.

"அணைச்சுத் திரும்பப் போடு பிள்ளை" என்றேன்.

"நேரமில்லை மாமி." கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய் இருந்தாள். மூடியைத் திறந்தாள்.

கப்பல்கள் வந்தன. அவள் இங்கிலிசில் கதைக்கத் தொடங்கினாள். நான் படத்தில் விழாதபடி மேசையின் பக்கவாட்டில் நின்று மெஷின் ஓரத்தில் கையை வைத்தேன். பெரிய படம் ஓடும்போது சூடு ஏறியது. ஃபான் ஊதியது. என் வாய் தானாக முருகா முருகா என்றது. படம் நின்று அவள் கதைக்கும்போது சூடு மெல்ல இறங்கியது. திரும்ப ஏறியது, திரும்ப இறங்கியது. அந்த இறக்கத்தைக் கையில் உணர்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது: உள்ளே பெரியது வேலை முடியப் படுக்கிறது. அவள் ஒருமுறைகூடக் குனிந்து சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்க்கவில்லை. எதிரில் இருப்பவர்களைப் பார்த்தே கதைத்தாள். அவள் எழுதியதை அவள் அவ்வளவு நம்பினாள்.

முடிய நெடுநேரம் சென்றது. மூடியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"வாடிக்கையாளருக்குப் பிடிச்சிட்டுதாம்."

"உன்ரை கொம்பனிப் பெரியவர்?"

"அவர் மெஷினைப் பற்றிக் கேக்கவே இல்லை மாமி. மற்ற ஆக்களுக்கும் அந்த வரியளை அனுப்பிவிடட்டாம், வீட்டிலையிருந்து செய்யிற எல்லாருக்கும்."

"கொழும்பு?"

"என்ன கொழும்பு?" என்றுவிட்டு, மிச்சத் தேங்காயைத் துருவப் போனாள்.

அவள் பின்னால் போய், நல்லாய்ச் செய்தாய் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிப் பழகாத வாய். தேங்காயை வாங்கி நான் துருவினேன், அவள் தேத்தண்ணி குடிக்கட்டும் என்று. அவள் இப்போதும் முன்னறையில்தான் இருக்கிறாள். கதவு திறந்தபடி இருக்கிறது; நாங்கள் இங்கே கதைப்பது அங்கே கேட்கும்.

எங்கை பேத்திப் பிள்ளை, தட்டெழுதினது காணும், போதும். முதலிலையிருந்து ஒருக்கா வாசி பாப்பம். கொஞ்சம் உரத்து வாசி.